கையைக் காட்டுங்க, அளவு எடுக்கணும்

மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம். பிளாட்பாரத் தூணில் சாய்ந்தபடி ஒரு நரிக்குறவர் அம்மா பாசிமணி கோர்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் நின்றாள். விரித்துவைத்த துணியிலிருந்து ஒரு கைச்சரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது. "கையக் காட்டு கண்ணு" என்றார் அந்த அம்மா. மணிக்கட்டில் நூலை ஒரு சுற்றுச் சுற்றினார், மூன்று மணியை உருவினார், முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. காசு கைமாறியது. அந்தப் பெண் ரயில் ஏறுவதற்குள் அவர் விரல்கள் அடுத்த சரத்துக்குப் போய்விட்டன.

வீட்டிலிருந்தே பிரேஸ்லெட் செய்து விற்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கணவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பார். மனைவி குழந்தையோடு வீட்டில் இருப்பார். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை முடிந்து, அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று காத்திருக்கும் பெண்கள் உண்டு. ஹாஸ்டலில் தங்கி அசெம்பிளி லைனில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. எல்லாரிடமும் மிச்சமிருப்பது துண்டு துண்டான நேரம். மணி கோர்ப்பது அந்தத் துண்டு நேரத்துக்குப் பொருந்தும் வேலைதான். ஆனால் அதில் காசு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலானவர்கள் தப்பாகக் கணிக்கிறார்கள். கோர்ப்பதை யாரும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம், அதனாலேயே அதற்குக் கூலி கிடையாது. அளவு எடுப்பது, முடிச்சு நிற்பது, வாங்குபவரின் முகம் பார்த்து விற்பது: இந்த மூன்றுக்கும்தான் காசு. பிளாட்பாரத்து அம்மா இரண்டு நிமிடத்தில் மூன்றையும் செய்தார்.

இந்த வட்டாரத்தில் இந்தத் தொழிலின் மூத்தவர்கள் நரிக்குறவர்கள்தான். ஆவடி பருத்திப்பட்டில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் அங்கே போய் ஒரு வீட்டில் சாப்பிட்டது செய்தியானபோதுதான் பலருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது. 2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலுக்காக அவர்கள் அலைந்த காலமெல்லாம் பாசிமணியும் ஊசிமணியும்தான் அடுப்பெரித்தன. எனவே ஒரு வேண்டுகோள்: அவர்கள் விரித்திருக்கும் துணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து விலை குறைத்து விற்காதீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு சரம் வாங்குங்கள், உங்கள் சரக்கை வேறு மாதிரி செய்யுங்கள்.

மணியின் வரலாறும் நமக்கு அக்கம்பக்கம்தான். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிக் குழலை இழுத்து, நறுக்கி, சின்னஞ்சிறு மணிகளாக்கிக் கடல் கடந்து அனுப்பினார்கள். அதே முறை நம் எல்லையைத் தொட்டிருக்கும் திருப்பதி மாவட்டத்தில், காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடைப்பட்ட பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் நம் காலம்வரை தொடர்ந்து வந்தது. உலையிலிருந்து உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் கூம்பாகத் திரட்டி, அதிலிருந்து மெல்லிய குழலாக இழுப்பார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு மறுபடி சூடாக்கும்போது கூர்முனைகள் மழுங்கி உருண்டுவிடும். மணி வாங்கும்போது துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள் என்று பின்னால் சொல்லப்போகிறேன். அந்த ஊர்க்காரர்கள் சாம்பலில் போட்டு மறுபடி சூடாக்கியதும் அதற்காகத்தான்.

முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

செய்முறைக்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். "வீட்டிலிருந்தே மணி கோர்க்கும் வேலை, மாதம் இருபதாயிரம்" என்று மின்கம்பத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. மூலப்பொருள் பெட்டிக்கு டெபாசிட் கட்டச் சொல்வார்கள். நீங்கள் கோர்த்துக் கொடுப்பீர்கள். "ஃபினிஷிங் சரியில்லை, ரிஜெக்ட்" என்பார்கள். டெபாசிட் போய்விடும், உங்கள் கண்ணும் கழுத்தும் வலித்ததுதான் மிச்சம். என் சித்தி மகளே இப்படிக் கட்டி ஏமாந்தாள். அந்த அலுவலகத்தைத் தேடிப் போனபோது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. உண்மையில் வேலை கொடுப்பவர் வேலை செய்ய வருபவரிடம் பணம் வாங்க மாட்டார்.

ஏமாற்று இல்லாத துண்டுக்கூலி வேலையும் உண்டு. அதிலும் கணக்குப் போடுங்கள். ஒரு பிரேஸ்லெட் கோர்க்க நான்கு ரூபாய் தருகிறார்கள், மணிக்கு ஆறு முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 24 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்தால் 192 ரூபாய். நீங்கள் விட்டுவந்த கம்பெனி வேலை இதைவிட நிச்சயம் அதிகம் கொடுத்திருக்கும். கை பழக ஒரு மாதம் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கை அளவு

பிளாட்பாரத்து அம்மா மூன்று மணியை உருவினார் அல்லவா, ஏன் மூன்று என்று அவர் கணக்குப் போடவில்லை, விரல் சொன்னது. நமக்கு விரல் சொல்லும்வரை ஒரு சூத்திரம் வேண்டும்.

மணிக்கட்டை அளவு நாடாவால் சுற்றுங்கள். 15 சென்டிமீட்டர் என்று வருகிறது. அதே 15 சென்டிமீட்டருக்கு மணி கோர்த்தால் கையில் ஏறாது. மணிக்குத் தடிமன் இருக்கிறது. நூல் மணியின் நடுவில் ஓடுகிறது, தோலோ மணியின் உள்பக்கத்தைத் தொடுகிறது. இந்த வித்தியாசம் மணியின் அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஆகவே கை அளவோடு மணி அளவின் மூன்று மடங்கைச் சேர்த்து, சுகமாக ஆட அரை சென்டிமீட்டர் கூட்டுங்கள். 8 மில்லிமீட்டர் மணி என்றால் 15 + 2.4 + 0.5, அதாவது 17.9 சென்டிமீட்டர். 22 மணி. 6 மில்லிமீட்டர் மணி என்றால் 15 + 1.8 + 0.5, 17.3 சென்டிமீட்டர். 29 மணி. குண்டு மணி போடுகிறவர்கள் அளவில் ஏமாறுவதும், பொடி மணி போடுகிறவர்கள் தப்பிப்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு கொள்முதலுக்கும் உதவும். கடையில் 8 மில்லிமீட்டர் மணி 16 அங்குலச் சரமாக வரும். ஒரு சரத்தில் சுமார் 50 மணி இருக்கும். 15 சென்டிமீட்டர் கைக்கு இரண்டு பிரேஸ்லெட் போக ஆறு மணி மீதி. எட்டுச் சரம் வாங்கினால் மீதியிலேயே இரண்டு பிரேஸ்லெட் தேறும். இடையிடையே வேறு நிற மணியோ உலோக ஸ்பேசரோ போட்டால் ஒரு சரத்திலிருந்தே மூன்று எடுக்கலாம். தொடங்குகிறவர்கள் பத்து நிறத்தில் பத்துச் சரம் வாங்கி வந்து, எதிலும் மீதி மணி இன்னொரு பிரேஸ்லெட்டுக்குத் தேறாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் மூன்று நிறம் போதும்.

வாங்க சௌகார்பேட்டைதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி நடக்கிற தூரத்தில் பாரிமுனைக்குப் பின்னால் உள்ள தெருக்களில் ஃபேன்ஸி மொத்தக் கடைகள் நெருக்கியடிக்கும். வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டை எடுத்துப் போங்கள். ஈரப்படுத்தி மணியைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுரசுரவென்று இருந்தால் அது ஒரு மாதத்தில் எலாஸ்டிக்கை அறுக்கும். பொடி மணிகளுக்கு எண் உண்டு: 11 என்றால் சுமார் 2 மில்லிமீட்டர், 8 என்றால் 3, 6 என்றால் 4. எண் கூடக் கூட மணி சிறுக்கும், கைத்தையல் ஊசி நம்பரைப்போல.

முடிச்சு

ஒரு பள்ளி விடைபெறு விழாவுக்காக நாற்பது பிரேஸ்லெட் செய்துகொடுத்த என் முதல் பெரிய ஆர்டரில் விழா முடிவதற்குள் பதினொன்று உதிர்ந்தன. அவற்றில் ஒன்றில்கூட நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சுதான் நழுவியிருந்தது. பிள்ளைகள் தரையில் மணி பொறுக்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பிறகு நான் கற்ற ஒழுங்கு இது.

8 மில்லிமீட்டர் மணிக்கு 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் எடுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம் வெட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன வால் நுனியைப் பிடித்து யாராலும் நல்ல முடிச்சுப் போட முடியாது. வெட்டியதும் இரு முனையையும் பிடித்து நான்கைந்து முறை நன்றாக இழுத்துவிடுங்கள். புது எலாஸ்டிக் முதல் சில நாளில் தளரும். அந்தத் தளர்ச்சி வாங்கியவர் கையில் நடக்காமல் உங்கள் வீட்டிலேயே நடந்து முடியட்டும். ஒரு முனையில் துணி கிளிப்போ பேப்பர் கிளிப்போ மாட்டிவிட்டுக் கோருங்கள். மணி உருளாமல் இருக்க முறத்தில் பழைய துண்டை விரித்தால் போதும், தனித் தட்டு வாங்க வேண்டியதில்லை. துளை பெரிய மணி ஒன்றைக் கடைசியில் கோருங்கள், முடிச்சு ஒளிய அதுதான் வீடு.

இப்போது முடிச்சு. சாதாரணமாக ஒரு முனையை மறுமுனையின் அடியில் ஒரு தடவை நுழைப்போம். இங்கே இரண்டு தடவை நுழையுங்கள். மணிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்வரை இழுங்கள். பிறகு எதிர்த்திசையில், அதேபோல் இரண்டு தடவை. நான்கு பக்கமும் இழுத்து இறுக்குங்கள்: இரண்டு வால், இரண்டு மணிப் பக்கம். முடிச்சின்மேல் நகைக்கென்று விற்கும் நெகிழும் பசையில் ஒரு சொட்டு. அவசர ஒட்டுப் பசை வேண்டாம், அது காய்ந்தால் கல்லாகிவிடும், எலாஸ்டிக் அந்த இடத்திலேயே முறியும். காய்ந்தபின் வாலை இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, முடிச்சைப் பெரிய துளைக்குள் இழுத்துவிடுங்கள். ஒரு நாள் கழித்து, கையில் மாட்டுவதைவிட அதிகமாக விரித்துப் பாருங்கள். பத்தில் ஒன்று தோற்றால் கவலையில்லை. மூன்று தோற்றால் அன்றைய எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுங்கள்.

கல்மணி, கூழாங்கல் துண்டு போன்ற கூர்மையான சரக்குக்கு எலாஸ்டிக் தாங்காது. கடைக்காரர்கள் கியர் ஒயர் என்று சொல்லும் மெல்லிய கம்பிவடமும், முனையை நசுக்கிப் பூட்டும் கியர் லாக்கும் வாங்குங்கள். கொக்கியும் வளையமும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். நம் ஊர் வியர்வையில் மலிவான தங்க முலாம் ஒரு கோடையைத் தாண்டாது. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். மூக்குக் குறடு ஒன்று, கம்பி வெட்டும் கட்டர் ஒன்று, கருவி இவ்வளவுதான்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்று யார் கேட்டாலும் செய்து தராதீர்கள். அறுந்த மணி நேரே வாய்க்குப் போகும்.

பெயர் கோர்ப்பது

2023இல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஈராஸ் சுற்றுப்பயணத்தில் ரசிகைகள் எழுத்து மணி கோர்த்த பிரேஸ்லெட்களை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டதிலிருந்து உலகம் முழுக்க எழுத்து மணிக்கு ஒரு புது வாழ்வு வந்தது. நம் கல்லூரிப் பிள்ளைகளிடமும் அது வந்து சேர்ந்தாயிற்று. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. அதில் யாழினி என்று கோர்க்க ஏழு மணி வேண்டும். தமிழில் மூன்றே மணி: யா, ழி, னி. ஏழு மில்லிமீட்டர் எழுத்து மணி என்றால் முதலாவதற்கு ஐந்து சென்டிமீட்டர் போய்விடும், இரண்டாவதற்கு இரண்டே சென்டிமீட்டர். பார்க்கவும் அழகு. சிக்கல் என்ன என்றால் தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றையும் இருப்பு வைக்க முடியாது, அதனால்தான் மொத்தக் கடைக்காரர்கள் இதைத் தொடுவதில்லை. களிமண்ணிலோ பாலிமர் களிமண்ணிலோ கேட்ட எழுத்தை மட்டும் செய்து கொடுப்பவருக்கு அங்கே இடம் இருக்கிறது. விற்றுப்போகாத சரக்கு என்ற பயமும் இல்லை, ஏனென்றால் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் செய்வீர்கள். என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் முதல் கதவு.

கருங்காலி மாலை மோகம் பிடித்ததிலிருந்து கருங்காலி பிரேஸ்லெட்டும் ஓடுகிறது. கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம் அதைவிட வேகமாக ஓடுகிறது. செய்வதானால் சரக்கு எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லி விற்கலாம். ஆனால் "சர்க்கரை குறையும், ரத்த அழுத்தம் இறங்கும்" என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள். தாயத்து, கவசம் போன்றவை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. இன்ஸ்டாகிராம் பதிவும் விளம்பரம்தான்.

மணிக்கு எவ்வளவு?

தமிழில் மணி என்றால் நேரமும்தான். விலை போடும்போது எல்லாரும் கையில் இருக்கிற மணிக்கு விலை வைக்கிறார்கள், சுவரில் இருக்கிற மணியை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. மணி 30 ரூபாய், எலாஸ்டிக் 2, ஸ்பேசர் 6, பொதி 5. பொருள் மட்டும் 43. தேர்ந்தெடுத்து, கோர்த்து, முடிச்சுப் போட்டு, படம் எடுத்து, பொதிய இருபது நிமிடம். மாதம் 15,000 சம்பளத்தில் 26 நாள், எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு மணிக்கு சுமார் 72 ரூபாய். அதைவிடக் குறைவாக உங்கள் நேரத்தை மதிப்பிட ஒரு காரணமும் இல்லை. இருபது நிமிடத்துக்கு 24. ஆக 67. அறுந்தது, சாயம் போனது, ரயில் கட்டணம் என்று பத்து சதவீதம் சேர்த்தால் 74 ரூபாய். 120க்கு விற்றால் 46 ரூபாய் லாபம் என்று தோன்றும். அதே சரக்கை ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வைத்தால்? கடைக்காரர் நாற்பது சதவீதம் கேட்பார். உங்களுக்கு வருவது 72. ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு ரூபாய் நஷ்டம். கடையில் வைப்பதானால் 150 போட வேண்டும், அப்போதுதான் 90 வந்து 16 மிஞ்சும். 150க்கு அந்தச் சரக்கு போகாது என்றால் அது கடைக்கு ஏற்ற சரக்கு இல்லை, கைக்குக் கை விற்க வேண்டிய சரக்கு.

இந்த எண்களை மாற்றி உங்கள் எண்களைப் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தோழிக்குத் தள்ளுபடி கொடுக்கிற நிமிடத்தில் 74 என்ற எண் கண்முன் இருக்க வேண்டும். தோழிகள் கேட்பார்கள். அத்தைகள் இலவசமாகவே கேட்பார்கள்.

பொதிக்கு ஒரு யோசனை. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் சிறு பெட்டிகள் முடைகிறார்கள். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். திருமணத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஆர்டரில் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் ஓலைப்பெட்டி வைத்துக் காட்டுங்கள். விலையைக் கூட்டிச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா

கம்பெனி வேலையில் இருந்துகொண்டே செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்களின் நிலையாணைகளில் வளாகத்துக்குள் வியாபாரம் செய்வது ஒழுங்கீனம். கேன்டீனில் பையைத் திறந்து காட்டிய பெண்ணை ஒரு சூப்பர்வைசர் எழுதிக்கொடுக்கச் சொன்ன கதை எனக்குத் தெரியும். நியமனக் கடிதத்தை எடுத்து, வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் மனிதவளத் துறையில் வாய்விட்டுக் கேளுங்கள், அல்லது வீட்டில் உள்ள இன்னொருவர் பெயரில் தொழிலை நடத்துங்கள்.

இன்னொன்று பாதுகாப்பு. சுழலும் இயந்திரத்தின் அருகே கையில் எதுவும் இருக்கக் கூடாது. உணவு ஆலையிலும் மின்னணுப் பாகங்கள் பொருத்தும் இடத்திலும் நகையைக் கழற்றச் சொல்வார்கள். நீங்களும் கழற்றுங்கள், உங்களிடம் வாங்கும் தோழியிடமும் சொல்லுங்கள். இதில் வியாபாரச் செய்தியும் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் வாரத்தில் ஆறு நாள் இதைப் போட முடியாது. அதனால் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுகிற கூட்டத்தைவிட ஞாயிறும் திருவிழாவும் உங்களுக்கு நல்ல நாள். சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் இருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆவணிப் பௌர்ணமிக்கு ராக்கி வேண்டும். ஜூலைக் கடைசியிலேயே இருபது செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் கோர்க்க உட்காராதீர்கள். கண் ஏமாற்றும், 21 மணியை 22 என்று எண்ணும்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் விற்க ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளரும் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்களில் விற்கலாம், அதற்கென ஒரு பதிவு எண் மட்டும் ஜிஎஸ்டி தளத்தில் எடுக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கணக்காயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் தனியார் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன், மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். செயற்கை நகை செய்வதற்கு 13 நாள் பாடத்திட்டம் அவர்களிடம் இருக்கிறது, பயிற்சியும் சாப்பாடும் இலவசம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் ‘மதி' அங்காடியைப் பற்றியும், நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளில் இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நவராத்திரிக் கண்காட்சியில் ஒரு வாரம் நின்று விற்றவருக்கு எந்த நிறம் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்கள் 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பார்க்கலாம்: 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், மானியத்துக்கு உச்சவரம்பு 50,000. குறிப்பிட்ட 25 கைவினைகளுக்கு உரியது அது. உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வரும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள். ஒரு கருத்து: முதல் ஆறு மாதம் கடனே வாங்காதீர்கள். மூன்று நிறச் சரத்துக்கும் ஒரு குறடுக்கும் கடன் தேவைப்படாது.

எங்கே உட்காருவது

திருவள்ளூர் மாவட்டம் கோயில் கூட்டத்தின் மாவட்டம். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை, பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறுகள், திருவள்ளூர் வீரராகவர் கோயிலில் அமாவாசை. ஆடி வந்தால் ஒரு வண்டிச் சரக்கு போகும், ஆனால் அங்கே இடத்துக்கு அடிதடி, விலைக்கு இழுபறி. நான் சொல்வது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுவாபுரி முருகன் கோயில். சொந்த வீடு அமைய வேண்டுமென்று தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை வருவதாக மக்கள் வேண்டிக்கொள்ளும் இடம். கோயில் நிர்வாகத்திடமும் ஊராட்சியிலும் கேட்டு, அனுமதித்த இடத்தில் ஒரு பாய் விரியுங்கள். முடித்துவைத்த பிரேஸ்லெட் பதினைந்து போதும். மீதியைக் கோர்த்த சரமாக, முடிச்சுப் போடாமல் கொண்டுபோங்கள். வந்து நிற்கிறவரிடம், "கையைக் காட்டுங்கம்மா, அளவு எடுக்கணும்" என்று சொல்லி, அவர் கண்முன்னே மணியைக் கூட்டிக் குறைத்து முடிச்சுப் போடுங்கள். பசை காய நேரம் இருக்காது. சுவாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கட்டணம் முன்னாலேயே.

மற்ற கூட்டம் போனால் திரும்பாது. இந்தக் கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை அதே வரிசையில் வந்து நிற்கும். அறுந்திருந்தால் மணிகளைப் பையில் போட்டு எடுத்துவருவார்கள், கேள்வி கேட்காமல் திரும்பக் கோர்த்துக் கொடுங்கள். அறுகாமல் இருந்தால் அதைச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். இரண்டாவது செவ்வாய்க்கிழமை, வரிசையில் நகர்கிறவர்களின் கைகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.